பெய்ஜிங் டு ஷாங்காய்: அந்த ஒரு மணி நேரம் எங்கே போச்சு?

தூரத்தை வேகத்தால வகுத்தா நேரம். ஸ்கூல்லயே படிச்சதுதான். அதை வெச்சு பெய்ஜிங்ல இருந்து ஷாங்காய்க்கு ஃப்ளைட்ல எவ்வளவு நேரம் ஆகும்னு போட்டுப் பார்ப்போம். கால்குலேட்டர் எடுத்துக்கோங்க.

முதல்ல தூரம். பெய்ஜிங் 39.9° வடக்கு, 116.4° கிழக்கு. ஷாங்காய் 31.2° வடக்கு, 121.5° கிழக்கு. அட்சரேகையில் வித்தியாசம் 8.7°, தீர்க்கரேகையில் 5.1°. அட்சரேகையில் ஒரு டிகிரி எங்கே போனாலும் சுமார் 111 கி.மீ. தீர்க்கரேகை அப்படி இல்லை. பூமத்திய ரேகையில் மட்டும்தான் அதுவும் 111. துருவம் பக்கம் போகப் போக சுருங்கிடும். அதனால 5.1-ஐ நடு அட்சரேகையோட (35.55°) காஸ் மதிப்பால் பெருக்கணும். 4.15 வரும். அப்புறம் நம்ம பழைய பித்தாகரஸ்: 8.7, 4.15 இரண்டையும் வர்க்கம் பண்ணி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தா 9.64°. அதாவது 1,070 கி.மீ. காஸை மறந்துட்டா 1,119 வரும், கிட்டத்தட்ட 50 கி.மீ. தப்பு. ப்ராஜெக்ட்ல கோடு எழுதுறவங்க ஹாவர்சைன் ஃபார்முலாவே போடுங்க. விடை இதேதான், ஆனா ரொம்ப தூரத்துக்கும் தாங்கும்.

இப்போ நேரம். மணிக்கு 850 கி.மீ. வேகம்னா 1 மணி 16 நிமிஷம். ஆனா டிக்கெட்டைப் பார்த்தா சுமார் இரண்டேகால் மணி நேரம் போட்டிருக்கும்!

காரணம், டிக்கெட்ல இருக்கிறது பறக்கிற நேரம் இல்லை, 'பிளாக் டைம்'. விமானம் கேட்டை விட்டு நகர்றதுல இருந்து அடுத்த ஊர் கேட்ல நிக்கிற வரைக்கும் கணக்கு. ரன்வேக்கு ஊர்ந்து போறது, க்யூல நிக்கிறது எல்லாம் இதுக்குள்ளதான். ஏறும்போதும் இறங்கும்போதும் 850 கிடைக்காது. நேர்கோட்டுலயும் பறக்க விடமாட்டாங்க. சீனாவோட வான்வெளியில் பெரும்பகுதி ராணுவத்தோட கட்டுப்பாட்டில் இருக்கு, பயணிகள் விமானம் அதுக்குன்னு போட்ட பாதையிலதான் போகணும். தாமதத்துக்குன்னு ஏர்லைன்ஸும் கொஞ்சம் கூட்டி வெச்சுக்கும்.

இங்கேதான் ரயில் உள்ளே வருது. 2011 ஜூன் 30-ல் திறந்த பெய்ஜிங்–ஷாங்காய் அதிவேகப் பாதை 1,318 கி.மீ. விமானத்தை விடச் சுத்துதான். ஆனா 350 கி.மீ. வேகத்துல ஓடுற ரயில் நாலரை மணி நேரத்துல கொண்டு போய் விட்டுடும். ஃப்ளைட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி போகணும், இரண்டு பக்கமும் ஏர்போர்ட் போக வர தலா ஒரு மணி நேரம்னு வைங்க. மொத்தம் ஐந்தே முக்கால். ஷாங்காய்ல ஹோங்ச்சியாவ் ஏர்போர்ட் ஊருக்குக் கிட்ட, புதோங் தூரம். டிக்கெட் விலையை மட்டும் பார்த்து புக் பண்ணா இது கண்ணுல படாது.

காற்றையும் சேர்த்துக்கணும். பெய்ஜிங்–உரும்ச்சி சுமார் 2,400 கி.மீ. மேலே மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று அடிக்குது. அது 100 கி.மீ. வேகம்னு வெச்சா, உரும்ச்சி போக 2,400/750, அதாவது 3 மணி 12 நிமிஷம். திரும்பி வர 2,400/950, சுமார் 2 மணி 32 நிமிஷம். ஒரே ரூட், 40 நிமிஷம் வித்தியாசம். இதை டைம் சோன்னு நினைச்சுடாதீங்க. சீனா முழுக்க ஒரே நேரம்தான். உரும்ச்சியில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்துல மதியம் இரண்டு தாண்டியிருக்கும்.