கூரைமேல் ஓர் ஆராய்ச்சி

விடுதியில் சேர்ந்த முதல் நாளே நம்மில் பலருக்குச் சொல்லப்பட்ட கட்டளை, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை மட்டுமே குடிக்க வேண்டும் என்பது. விளையாடிவிட்டு ஓடி வந்து குழாயில் வாய் வைத்துக் குடித்து, சகோதரியிடம் அகப்பட்டுக் கொண்டவர்களும் நம்மிடையே உண்டு. ஏற்காட்டின் குளிரில் ஓர் அண்டாத் தண்ணீர் கொதித்து வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைச் சமையற்கூடத்தில் நிற்பவர்கள் அறிவார்கள். (நாம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை, 95 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. கிருமிகளைக் கொல்ல அதுவே போதும்.) பள்ளிக்கு இது ஒரு செலவு, அவ்வளவுதான். விடியற்காலையில் கூலி வேலைக்குப் புறப்படும் ஒரு தாய்க்கோ, சோறு வடித்தபின் மிஞ்சும் எரிபொருளில் குடிநீரும் காய்ச்சுவது பல நாட்களில் முடியாத காரியம்.

அத்தகைய தாய்மார்களின் வீடுகளில், வேலூர் நகரின் குடிசைப் பகுதி ஒன்றில் நடந்த ஒரு சிறிய ஆராய்ச்சியைப் பற்றி இங்கே காண்போம். ஆராய்ச்சி என்றதும் வெள்ளை அங்கியும் விலையுயர்ந்த நுண்ணோக்கியும் நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. இந்த ஆராய்ச்சியின் முக்கியக் கருவி, கடையில் குளிர்பானம் அடைத்து விற்கும் பிளாஸ்டிக் பாட்டில். மற்றொரு கருவி சூரியன்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கதை மாணவிகளாகிய நாம் கட்டாயம் அறிய வேண்டியது. 1900-ஆம் ஆண்டு டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய சிறு மருத்துவமனையே அதன் வித்து. 1918-இல் அங்கே தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளி பெண்களுக்கென்றே ஏற்பட்டது. ஆண் மாணவர்கள் சேர்க்கப்பட்டது 1947-இல்தான். அக்கல்லூரியின் மருத்துவர் அனுராதா ரோஸும் அவருடைய உடன் பணியாளர்களும் சேர்ந்து செய்த இந்த ஆய்வு 2006-ஆம் ஆண்டு ஒரு மருத்துவ இதழில் வெளியாயிற்று. அக்குழுவில் ஒருவரான டாக்டர் ககன்தீப் காங் பின்னர் 2019-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியப் பெண் அறிவியலாளர்களில் அப்பெருமையை முதலில் பெற்றவர் அவரே.

சூரிய ஒளி கிருமிகளைக் கொல்லும் என்பதை இங்கிலாந்தில் டௌன்ஸ், பிளண்ட் என்னும் இருவர் 1877-ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டனர். அதைக் குடிநீருக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது நூறாண்டுகளுக்குப் பின்பு, அதுவும் உள்நாட்டுப் போரால் சிதைந்து கொண்டிருந்த லெபனான் நாட்டில். பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அஃப்தீம் அக்ராவும் அவருடைய குழுவினரும் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலை வெயிலில் வைத்துத் தூய்மை செய்ய முடியும் என்று 1980-இல் எழுதினர். மருந்தைக் கரைக்கும் தண்ணீரே நோயைக் கொண்டு வந்தால் என்ன செய்வது என்ற கவலையிலிருந்து பிறந்த யோசனை அது. 1991 முதல் ஸ்விட்சர்லாந்தின் நீரியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இம்முறையை மேலும் சோதித்து உலகெங்கும் பரப்பியது.

முறை மிக எளிது. இரண்டு லிட்டருக்கு மேற்படாத, நிறமற்ற, கீறல் விழாத பாட்டிலைக் கழுவித் தண்ணீர் நிரப்பி மூடிப் படுக்கை வசமாகக் கூரைமேல் வைக்க வேண்டும். நல்ல வெயிலானால் ஆறு மணி நேரம், மேகமூட்டமானால் அடுத்தடுத்து இரண்டு நாட்கள். வெயிலில் கலந்துள்ள புற ஊதாக் கதிர்கள் பாட்டிலை ஊடுருவிச் சென்று கிருமிகளைச் செயலிழக்கச் செய்கின்றன. தண்ணீரின் சூடு 50 பாகையைத் தாண்டினால் வேலை இன்னும் விரைவாக நடக்கும். கலங்கல் தண்ணீர் உதவாது. பாட்டிலைச் செய்தித்தாளின்மேல் நிறுத்தி, வாய்வழியே மேலிருந்து பார்த்தால் அடியிலுள்ள தலைப்பு எழுத்துகளைப் படிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் முதலில் வடிகட்ட வேண்டும். இன்னொன்றையும் மறக்கலாகாது. வெயில் கொல்வது கிருமியை மட்டுமே. தண்ணீரில் கரைந்துள்ள நஞ்சை அது தொடாது. நமக்கு அண்டையிலுள்ள தருமபுரிப் பகுதியில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடு எத்தனையோ பேரின் பற்களையும் எலும்புகளையும் பாழாக்கியது. அதற்குக் கூரைமேல் பாட்டில் மருந்தாகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போன்ற பெரிய ஏற்பாடுதான் வேண்டியிருந்தது.

இனி வேலூருக்கு வருவோம். சோதனைக் கூடத்தில் கிருமி சாகிறது என்பது ஒன்று. அதனால் குழந்தைக்கு நோய் குறைகிறதா என்பது முற்றிலும் வேறு. முதல் கேள்விக்கு விடை ஒரே நாளில் கிடைத்துவிடும். இரண்டாவதற்கு விடை காண ஆய்வாளர்கள் ஆறு மாதம் வீதி வீதியாக நடக்க வேண்டியிருந்தது.

நூறு குழந்தைகளின் வீடுகளில் வெயிலில் வைத்த தண்ணீர் கொடுக்கப்பட்டது. அவர்களுக்கு ஒத்த வயதும் பாலும் உடைய வேறு நூறு குழந்தைகள் வழக்கம்போல் இருந்த தண்ணீரையே குடித்து வந்தனர். இரண்டாவது நூறு பேர் எதற்கு என்று கேட்கலாம். கோடையில் ஒருவித நோயும் மழையில் வேறுவித நோயும் வரும் ஊர் நம்முடையது. முதல் நூறு பேரிடம் மட்டும் நோய் குறைந்தது என்று கண்டால், அது பாட்டிலால் குறைந்ததா, பருவம் மாறியதால் குறைந்ததா என்று யார் சொல்ல முடியும்? ஒரே தெருவில், ஒரே காலத்தில், பாட்டில் இல்லாதவர்களையும் கூடவே கவனித்தால்தான் உண்மை விளங்கும்.

ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு உண்டா, எத்தனை நாள் நீடித்தது, எவ்வளவு கடுமை என்று விசாரித்துக் குறித்தனர். 200 குழந்தைகள், 26 வாரங்கள். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 5,200 முறை ஒரு வாசற்படி ஏறியிருக்க வேண்டும். முடிவில் கண்டது இது: வழக்கமான தண்ணீர் குடித்தவர்களிடையே ஒரு குழந்தைக்கு ஆண்டொன்றுக்கு 2.7 முறை என்ற கணக்கில் வயிற்றுப்போக்கு வந்தது. பாட்டில் தண்ணீர் பெற்றவர்களிடையே 1.7 முறை. நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. நோய் நீடித்த நாட்களும் அதன் கடுமையும் கூடக் குறைந்தன.

இந்த ஆய்வில் நம் மனத்தை மிகவும் கவர்ந்தது வேறொரு எண். பாட்டில் தண்ணீர் பெற்ற குழந்தைகளில் 86 விழுக்காட்டினர் வேறு தண்ணீரையும் குடித்திருந்தனர். குழந்தையை யார் கட்டிப் போட முடியும்? பக்கத்து வீட்டில் குடிக்கும், பாட்டி வீட்டில் குடிக்கும், தெருக்குழாயிலும் குடிக்கும். ஆய்வாளர்கள் இதை மறைத்திருந்தால் முடிவு இன்னும் பளபளப்பாகத் தோன்றியிருக்கும். அவர்களோ அதையும் எண்ணி எழுதி வைத்தனர். வாசலுக்கு வாசல் போய் உட்கார்ந்து கேட்டவருக்கே இத்தகைய விவரம் கிடைக்கும்.

அப்படியானால் எல்லா ஊர்களிலும் பாட்டிலைக் கூரைமேல் ஏற்றிவிடலாமா? கென்யாவில் மசாய் இனக் குழந்தைகள் 206 பேரிடம் நடந்த ஆய்வு 1996-இல் வெளியானது. அதில் இரு சாராருக்கும் பாட்டில் கொடுத்தனர். ஒரு சாரார் கூரைமேல் வைத்தனர், மறு சாரார் வீட்டுக்குள் வைத்தனர். அங்கும் கூரைமேல் வைத்தவர்களுக்கு நன்மை காணப்பட்டது. ஆனால் தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டின் 22 கிராமங்களில் நடந்து 2009-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் வயிற்றுப்போக்கு குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அங்கே சராசரியாக மூன்றில் ஒரு பங்கு வீடுகளே பாட்டிலை ஒழுங்காக வெயிலில் வைத்தன. சூரியன் தன் கடமையைச் செய்தும், நாள்தோறும் பாட்டிலை ஏற்றி இறக்கும் வேலை நிற்கவில்லை. ஆகவே வேலூரின் விடை வேலூருக்குரியது. வேறோர் ஊரில் மீண்டும் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கேட்பதற்குப் பணம் வேண்டுமே! இங்கேதான் நாம் பெற்றோர்களின் கவனத்தைச் சற்று வேண்டுகிறோம். மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் அதன் இறக்கையில் 'உபயம்' என்று பெயர் எழுதலாம். கட்டடத்துக்குக் கல்வெட்டு வைக்கலாம். வீடு வீடாக நடந்தவரின் பேருந்துக் கட்டணத்திலும், குறித்து வைத்த நோட்டுப் புத்தகத்திலும் யார் பெயரை எழுதுவது? சிறிய ஆராய்ச்சியின் செலவில் பெரும்பகுதி இந்த நடைக்கே போகிறது. நடைக்குக் கொடுக்க முன்வருபவர் குறைவு. ஆயினும் வழி அடியோடு அடைபட்டுவிடவில்லை. மருத்துவ மாணவர்கள் இரண்டு மாத ஆய்வு செய்ய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-இல் ஓர் உதவித்தொகைத் திட்டம் ஏற்படுத்தியது. புதிய கருவி ஒன்றைச் செய்ய எண்ணும் பள்ளி மாணவருக்கு இன்ஸ்பயர் மானக் திட்டத்தின் கீழ் மத்திய அரசு ரூ. 10,000 வழங்குகிறது. 10 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் தம் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆய்ந்து கட்டுரை அளிக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடந்து வருகிறது. நம் மாநிலத்தில் அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைத்து வந்துள்ளது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலில் ஏழைகளுக்குக் கிடைக்கும் தண்ணீரின் தரத்தைப் பற்றித் தனியே பேசி, தூய குடிநீரை அடிப்படை மனித உரிமை என்று கூறுவதையும் இங்கே நினைவுகூரலாம். நம் பள்ளியின் தவக்காலச் சேமிப்பில் ஒரு சிறு பகுதி இதற்கு ஒதுக்கப்பட்டால் யாரும் தவறென்று சொல்லமாட்டார்கள் என நம்புகிறோம்.

ஏனெனில் ஏற்காட்டுக்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. உயரத்தில் காற்று மெல்லியது. ஆதலால் புற ஊதாக் கதிர்கள் சமவெளியைவிடச் சற்று மிகுதியாக விழும். அது நமக்கு அனுகூலம். ஆனால் நம் வெயில் குளிர்ந்த வெயில். தண்ணீர் 50 பாகைக்குச் சூடேறுவது அரிது. கார்த்திகை மாதத்திலோ பனிமூட்டம் நாட்கணக்கில் இறங்கி நிற்கிறது. உயரம் வெல்லுமா, மூட்டம் வெல்லுமா? சேலத்திலிருப்பவர்கள் இதற்கு விடை சொல்ல முடியாது. காப்பித் தோட்டங்களின் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கும், ஊற்று நீரை நம்பியிருக்கும் மலைக்கிராமத்தார்க்கும் அந்த விடை பயன்படும்.

நோயை எண்ணும் பொறுப்பு மருத்துவர்களுடையது. அதை நாம் கையில் எடுக்கலாகாது. தண்ணீரைச் சோதிக்க நம்மால் இயலும். 1982-இல் குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மாஞ்சா, மௌரியா, ராவ் ஆகியோர் ஒரு மலிவான சோதனை முறையை வெளியிட்டனர். மருந்து தோய்த்த காகிதத் துண்டு உள்ள சிறு புட்டியில் தண்ணீரை ஊற்றி வைத்தால், மலக்கழிவு கலந்த நீரானால் ஓரிரு நாளில் கறுத்துவிடும். நம் குளிரில் கறுக்கச் சற்று அதிக நேரம் ஆகலாம். ஆகையால் புட்டிகளைச் சமையற்கூடத்தின் கதகதப்பான மூலையில் வைக்க வேண்டியிருக்கும். ஒரே குடத்துத் தண்ணீரை இரண்டு பாட்டில்களில் நிரப்பி, மசாய் ஆய்வில் செய்ததுபோல் ஒன்றைக் கூரைமேலும் மற்றொன்றை அறைக்குள்ளும் வைத்து, மாலையில் இரண்டையும் சோதிக்கலாம். அந்தத் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டாம். விடுதியில் அண்டா வழக்கம்போல் கொதித்துக் கொண்டிருக்கட்டும்.

அறிவியல் மன்றத்தில் இதற்காக ஒரு நோட்டுப் புத்தகம் கோடு போட்டு வைக்கப்பட்டுள்ளது. தேதி, தண்ணீர் எடுத்த இடம், வெயில் பட்ட மணி, மூட்டம் இருந்த மணி, கூரைப் புட்டியின் நிறம், அறைப் புட்டியின் நிறம் என ஆறு பத்திகள். விடுமுறை நாட்களில் எழுதுவதற்கு விடுதி மாணவிகள் நால்வர் வேண்டும்.