புற்றுநோயும் நாம் வாழும் இடமும்

புற்றுநோய் ஏழை, பணக்காரன் என்று பார்த்து வருவதில்லை எனச் சொல்வதுண்டு. அது பாதி உண்மையே. நோய் எப்பொழுது கண்டுபிடிக்கப்படுகிறது, யார் பிழைக்கிறார் என்பவற்றில் வசிக்கும் இடமும் தொழிலும் வருமானமும் பெரும்பங்கு கொள்கின்றன. ஓர் உதாரணம் காண்போம்.

நியூயார்க் நகரின் ஹார்லம், ஏழைக் கறுப்பின மக்கள் நிறைந்திருந்த பகுதி. அங்குள்ள ஆஸ்பத்திரியில் 1964 முதல் 1986 வரை மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 606 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் நோய் முற்றிய பின்னரே வந்தவர்கள். ஐந்தாண்டுகள் உயிர் வாழ்ந்தோர் நூற்றுக்கு 39 பேர்தாம். டாக்டர் ஹாரல்ட் ஃப்ரீமன் 1979இல் இலவசப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். 1990இல் நோயாளியைக் கூடவே அழைத்துச் செல்லும் வழித்துணைவர்களை நியமித்தார். 1995 முதல் 2000 வரை சிகிச்சை பெற்றோரில் ஐந்தாண்டுகள் வாழ்ந்தோர் நூற்றுக்கு 70 பேர். மருத்துவ முன்னேற்றத்திற்கும் இதில் பங்குண்டு. ஆயினும் நேரத்தோடு வந்ததே பெரிய காரணம்.

இனி நம் ஊருக்கு வருவோம். சாங்கி வட்டாரத்தாருக்கு 1997 முதல் சீமேயில் சாங்கி பொது மருத்துவமனை இருக்கிறது. தூரம் ஒரு தடையன்று. ஆயினும் சிங்கப்பூரில் மலாய்ப் பெண்கள் மற்றப் பெண்களைவிட மார்பகப் புற்றுநோய் முற்றிய நிலையில் வருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அச்சமும் கூச்சமும் செலவும் ஓய்வின்மையுமே ஆஸ்பத்திரி வாசலை அடைக்கும் பூட்டுகள். நம் இல்லங்களிலும் இவை இல்லையா?

வணிகப் பெருமக்கள் செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது, குடும்பம். 50 முதல் 69 வயதுவரையுள்ள பெண்கள் ஈராண்டுக்கு ஒருமுறை மார்பக எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளல் வேண்டும். 50 வயது கடந்த ஆண், பெண் இருபாலாரும் ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, பழக்கம். வாய்ப் புற்றுநோய் நம்மவரின் மெல்லும் பழக்கத்தோடு ஒட்டிய நோய். மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூரில் 2016 முதல் தடையுண்டு. ஆனால் புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க் காரணிதான்.

மூன்றாவது, கடைச் சிப்பந்திகள். குடிமக்களுக்குக் கிடைக்கும் பரிசோதனைச் சலுகைகள் வேலை அனுமதிச் சீட்டில் வந்தவருக்கு இல்லை. மூன்று வாரம் ஆறாத வாய்ப்புண் ஒரு சிப்பந்திக்கு இருந்தால், சம்பளம் பிடிக்காமல் விடுப்புத் தந்து டாக்டரிடம் கூட்டிச் செல்லுங்கள். ஹார்லத்தில் வழித்துணைவர் செய்த வேலை இங்கே முதலாளியின் கையில் இருக்கிறது.