கைப்பிடிக்கு எட்டும் தூரம்

சாலை மிதிவண்டியின் கைப்பிடியை முன்கவையோடு இணைக்கும் சிறிய உலோகத் துண்டைக் கைப்பிடித் தண்டு எனலாம். கடைகளில் ‘ஸ்டெம்’ என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அலுமினியத்தால் ஆன இது உள்ளங்கையில் அடங்கிவிடும். சட்டகத்தைப் பற்றியும் சக்கரத்தைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள்கூட இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால், ஓட்டுபவரின் முதுகு எவ்வளவு வளைய வேண்டும், கைகள் எவ்வளவு நீள வேண்டும், ஆபத்து நேரத்தில் விரல்கள் பிரேக்கை எட்டுமா என்பவற்றில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் புக்கிட் தெங்கா இருக்கிறது. ஒரு பக்கம் ஜூரு, மறு பக்கம் புக்கிட் மெர்தாஜாம். தொழிற்பேட்டைகள் நிறைந்த வட்டாரம் என்பதால் சாலைகளில் லாரிகளுக்குப் பஞ்சமில்லை. இங்கே வாழும் பதினாறு வயது மாணவன் ஒருவன், யாரோ பயன்படுத்திய சாலை மிதிவண்டி ஒன்றைச் சேமிப்புப் பணத்தில் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். வண்டி நல்ல நிலையில் இருக்கிறது. முன்பு அதை ஓட்டியவர் அவனைவிட உயரமானவர். வேகமாக ஓட்டுவதில் நாட்டம் கொண்டவர். அவர் பொருத்தியிருந்த தண்டின் நீளம் 120 மில்லிமீட்டர். கைப்பிடி மிகத் தாழ்வாக இருக்கிறது.

முதல் வாரத்தில் மாணவனுக்கு எதுவும் தெரியவில்லை. புது வண்டி கிடைத்த மகிழ்ச்சி! இரண்டாம் வாரம் அரை மணி நேரம் ஓட்டியதும் உள்ளங்கை மரத்துப் போகிறது. கழுத்தும் தோளும் வலிக்கின்றன. இருக்கையின் முன்நுனிக்கு அவன் தானாகவே நகர்ந்து விடுகிறான். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு சந்திப்பில் லாரி ஒன்று திடீரெனத் திரும்பியபோது அவனுடைய விரல்நுனி மட்டுமே பிரேக்கைத் தொட்டது. அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

வலி வந்தவுடன் தண்டை மாற்றக் கிளம்புவது சரியன்று. முதலில் இருக்கையின் உயரத்தைப் பார்க்க வேண்டும். மிதிகட்டை கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். இருக்கை முன்பக்கமாகச் சரிந்திருந்தால் உடலின் எடை கைகளில் இறங்கும். அதைச் சமன்படுத்தினாலே பாதி வலி குறைந்துவிடுவது உண்டு. கைப்பிடி எட்டவில்லை என்பதற்காக இருக்கையை முன்னே தள்ளுபவர்களும் இருக்கிறார்கள். இருக்கையின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டியவை கால்கள், கைகள் அல்ல. கால்களுக்கு ஏற்ப இருக்கையை அமைத்த பிறகும் கைப்பிடி தொலைவாக இருந்தால்தான் தண்டின் முறை வருகிறது.

தண்டை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை அதன் நீளமும் கோணமும். முன்கவையிலிருந்து மேல்நோக்கி நீளும் குழாயைக் கழுத்துக்குழாய் என்போம். அக்குழாயின் நடுவிலிருந்து கைப்பிடியின் நடுவரை உள்ள தூரமே தண்டின் நீளம். சாலை மிதிவண்டிகளுக்கு ஏறக்குறைய 70 முதல் 130 மில்லிமீட்டர் வரை, பெரும்பாலும் பத்துப் பத்தாக உயரும் அளவுகளில் விற்கிறார்கள். கோணம்தான் பலரைக் குழப்புகிறது. தண்டின் மேல் ‘6 பாகை’ என்று எழுதியிருந்தால், அது தரையிலிருந்து எடுத்த கணக்கு அன்று. கழுத்துக்குழாய்க்குச் செங்குத்தான கோட்டிலிருந்து எத்தனை பாகை விலகுகிறது என்பதையே அந்த எண் காட்டுகிறது.

சாலை மிதிவண்டியின் கழுத்துக்குழாய் நேராக நிற்பதில்லை. தரையோடு சுமார் 73 பாகை சாய்ந்திருக்கும். ஆகவே, அதற்குச் செங்குத்தாகப் பொருத்திய தண்டு, 90இலிருந்து 73ஐக் கழித்து வரும் 17 பாகை அளவுக்கு மேல்நோக்கி நிற்கும். மாணவன் வாங்கிய வண்டியில் இருந்தது கழித்தல் 17 பாகைத் தண்டு. அப்படியென்றால், அது தரைக்கு இணையாக நீண்டிருந்தது. கழித்தல் 6 பாகைத் தண்டோ 11 பாகை மேல்நோக்கி நிற்கும். அதையே தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினால் கூட்டல் 6 ஆகி, 23 பாகை உயரும். ஒரே தண்டில் இரண்டு நிலைகள்!

கணிதப் பாடத்தில் கற்ற சைனும் கொசைனும் இங்கே உதவுகின்றன. 120 மில்லிமீட்டர், கழித்தல் 17 பாகைத் தண்டு கைப்பிடியை 120 மில்லிமீட்டர் முன்னே கொண்டுபோகிறது, உயர்த்துவதே இல்லை. அதன் இடத்தில் 100 மில்லிமீட்டர், கழித்தல் 6 பாகைத் தண்டைப் பொருத்தினால், முன்னே செல்லும் தூரம் ஏறத்தாழ 98 மில்லிமீட்டர். உயர்வு 19 மில்லிமீட்டர். கைப்பிடி 22 மில்லிமீட்டர் அருகிலும் 19 மில்லிமீட்டர் மேலேயும் வருகிறது. அதே தண்டைத் திருப்பிப் போட்டால் முன்னே செல்லும் தூரம் 92 ஆகக் குறைகிறது; உயர்வு 39 ஆகிறது. காகிதத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்பது ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் குனிந்திருக்கும் முதுகுக்கு அது பெரிய தூரம்.

உயரத்தை மட்டும் மாற்ற வேண்டுமானால் இன்னும் எளிய வழி உண்டு. தண்டின் மேலும் கீழும் மெல்லிய இடைவளையங்கள் இருக்கும். மேலே இருப்பதை எடுத்துக் கீழே போட்டால் தண்டு உயரும். கழுத்துக்குழாய் சாய்ந்திருப்பதால், 10 மில்லிமீட்டர் வளையம் கைப்பிடியை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஓட்டுபவரை நோக்கியும் நகர்த்துகிறது. இதற்குச் செலவே இல்லை. ஆனால், முந்தைய உரிமையாளர் கழுத்துக்குழாயைக் குட்டையாக வெட்டியிருந்தால் இவ்வழி அடைபட்டுவிடும். வெட்டிய குழாயை நீட்ட முடியாது அல்லவா? மாணவனின் வண்டியும் அப்படித்தான் வெட்டப்பட்டிருந்தது.

அவன் மிதிவண்டிக் கடைக்குச் செல்கிறான். கடைக்காரர் அவனை வண்டியில் ஏற்றி, பக்கவாட்டிலிருந்து பார்க்கிறார். முழங்கை சிறிதும் மடங்காமல் விறைத்து நிற்பதைக் கவனிக்கிறார்.

“கையை இவ்வளவு நீட்டிப் பிடிச்சா குலுக்கல் எல்லாம் தோளுக்குத்தான் போகும், தம்பி. நூறு போட்டுப் பார்ப்போமா?”

“அண்ணே, போட்டியில ஓட்டுறவங்க எல்லாம் கைப்பிடியைக் கீழேதானே வச்சிருக்காங்க?”

“அவங்க ஓட்டுறது எவ்வளவு நேரம், நீ ஓட்டுறது எவ்வளவு நேரம்?”

கடைக்காரரின் கேள்வி நியாயமானது. நம் நாட்டின் அசிசுல்ஹஸ்னி அவாங் 2017இல் ஹாங்காங்கில் கெய்ரின் உலக வெற்றியாளர் பட்டத்தை வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். தடகள மிதிவண்டியில் அவர் தாழக் குனிந்திருப்பது காற்றின் எதிர்ப்பைக் குறைப்பதற்காக. அவருடைய போட்டி சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த நிலையில் இருப்பதற்கு அவருடைய உடல் பல ஆண்டுகள் பழகியிருக்கிறது. ஞாயிறு காலையில் புக்கிட் மெர்தாஜாம் குன்றின் அடிவாரம்வரை போய்த் திரும்புபவருக்கும், பட்டர்வொர்த்தில் பெரி ஏறித் தீவுக்குச் சென்று தெலுக் பஹாங், பாலிக் பூலாவ் மேட்டுச் சாலைகளில் மிதிப்பவருக்கும் தேவை வேறு. அவர்கள் மணிக்கணக்கில் இருக்கையில் இருக்க வேண்டும். சாலையை நிமிர்ந்து பார்க்க வேண்டும். போட்டியாளரின் கைப்பிடி உயரத்தைப் பார்த்து நகலெடுப்பது, அவருடைய காலணியை வாங்கி மாட்டிக்கொள்வதைப் போன்றது.

மிகவும் குட்டையான தண்டும் நன்றன்று. தண்டு குறுகக் குறுக, கைப்பிடியைச் சிறிது அசைத்தாலும் சக்கரம் சட்டெனத் திரும்புவதாகத் தோன்றும். முன்சக்கரத்தின் மேல் விழும் எடையும் குறையும். 70 மில்லிமீட்டருக்கும் குறைவான தண்டு போட்டால்தான் கை எட்டுகிறது என்றால், அந்தச் சட்டகமே ஓட்டுபவருக்குப் பெரியது. வண்டியை வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டிய குறை அது.

நீளமும் கோணமும் முடிவானாலும் தண்டு வண்டியில் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். இன்றைய சாலை மிதிவண்டிகள் பலவற்றில் கழுத்துக்குழாயின் விட்டம் 28.6 மில்லிமீட்டர், கைப்பிடியின் நடுப்பகுதி 31.8 மில்லிமீட்டர். பழைய கைப்பிடிகளில் 25.4, 26.0 என்ற அளவுகள் உண்டு. இவ்விரண்டுக்கும் வேறுபாடு 0.6 மில்லிமீட்டர்தான். அந்தச் சிறு வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் ஒன்றை மற்றொன்றில் இறுக்கினால், கைப்பிடி வழுக்கலாம். அல்லது தண்டு விரிசல் காணலாம்.

தாத்தா காலத்து மிதிவண்டிகளில் தண்டின் அமைப்பே வேறு. அது கழுத்துக்குழாயைச் சுற்றிப் பிடிக்காது. குழாயின் உள்ளே இறங்கி, ஓர் ஆப்பின் உதவியால் இறுகி நிற்கும். ஒரே திருகாணியைத் தளர்த்திக் கைப்பிடியை ஏற்றவும் இறக்கவும் முடியும். இப்போதைய முறையில் அந்த வசதி போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால், பழைய தண்டில் ஒரு கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அக்கோடு வெளியே தெரியும் அளவுக்குத் தண்டை உயர்த்தக்கூடாது. உயர்த்தினால் உள்ளே பிடிமானம் இல்லாமல் அது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நமது வெப்பத்தில் வியர்வையும் மழைநீரும் உள்ளே இறங்கி, குழாயும் தண்டும் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆண்டுக்கொரு முறை கழற்றிக் கிரீஸ் தடவி வைத்தால் அந்தத் தொல்லை இராது.

தண்டு விலை குறைந்த பொருள் என்பதால் அதைப் பொருத்துவதும் அற்ப வேலை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டு பாரிஸ்–ருபே போட்டியில் அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்காப்பியின் வண்டியில் கழுத்துக்குழாய் முறிந்தது. கைப்பிடி கையோடு வர, அவர் சாலையில் விழுந்து தோளில் காயமடைந்து போட்டியிலிருந்து விலகினார். 2021 ஆகஸ்டு 2ஆம் நாள், டோக்கியோ ஒலிம்பிக்கின் அணித் துரத்தல் தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலிய வீரர் அலெக்ஸ் போர்ட்டரின் கைப்பிடி முறிந்து, அவர் தடத்தில் முகம் உரச விழுந்தார். அணிக்கு மீண்டும் ஓட வாய்ப்பு வழங்கப்பட்டது. இறுதியில் வெண்கலமும் கிடைத்தது. உலகின் சிறந்த பொறியாளர்கள் சூழ்ந்திருந்த வண்டிகளுக்கே இந்நிலை. ஓட்டுபவரின் எடையைக் கைகள் ஏற்றும் இடத்தில் எது உடைந்தாலும், சமாளித்துக்கொள்ள நேரமே இருக்காது.

ஆகையால், கடைக்காரர் செய்யும் வேலையின் ஒழுங்கை மாணவன் உற்றுப் பார்க்கிறான். முன்கவையின் உச்சியில் உள்ள மேல்மூடித் திருகாணியை அவர் முதலில் கழற்றுகிறார். தண்டைப் பிடித்து நிறுத்துவது அத்திருகாணிதான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் வேலை பேரிங்குகளுக்கு இடையே உள்ள ஆட்டத்தைப் போக்குவது மட்டுமே. தண்டைப் பிடித்து நிறுத்துபவை அதன் பின்புறத்தில் உள்ள இரண்டு திருகாணிகள். புதிய தண்டை நுழைத்த பின், கழுத்துக்குழாயின் நுனி மேல்விளிம்பைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார். நுனி உயர்ந்திருந்தால் மூடி குழாயிலேயே மோதி நின்றுவிடும், ஆட்டம் போகாது. பிறகு மேல்மூடியை இலேசாக இறுக்கி, கைப்பிடியைச் சக்கரத்துக்கு நேராக்கி, அதன் பின்னரே பின்புறத் திருகாணிகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குகிறார்.

தண்டின் மேல் ‘5 நியூட்டன் மீட்டர்’ என்று அச்சிடப்பட்டிருக்கிறது. பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள சாவியின் நுனியில் 50 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ ஐந்து கிலோ அரிசிப் பையின் எடை அழுத்துவதற்கு அது சமம். மொத்தக் கைபலத்தையும் காட்டி முடுக்கத் தேவையில்லை. அளவுக்கு மீறி இறுக்கினால் திருகாணியின் மரை கெடும். கார்பன் இழையால் ஆன குழாயாக இருந்தால் நொறுங்கவும் கூடும். முறுக்குவிசையைக் காட்டும் சாவி கடையில் இருக்கிறது. கடைக்காரர் கைக்கணக்கை நம்பாமல் அதையே பயன்படுத்துகிறார். கைப்பிடியைப் பிடிக்கும் முன்முகப்பின் நான்கு திருகாணிகளையும் குறுக்குக்குறுக்காக இறுக்கி, மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்கிறார்.

கடைசியாக மூன்று சோதனைகள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைக்கிறார். கழுத்தில் ‘டொக்’ என்ற ஓசை இல்லை. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு கைப்பிடியைத் திருக முயல்கிறார், தண்டு நழுவவில்லை. கைப்பிடியை இரு பக்கமும் முழுதாகத் திருப்புகிறார். பிரேக் கம்பி எங்கும் இழுபடவில்லை. கைப்பிடி உயர்ந்த வண்டிகளில் இந்த மூன்றாவது சோதனையைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள். கம்பி இழுபட்டால் வளைவில் திரும்பும்போது பிரேக் தானாகப் பிடித்துவிடும்.

மாணவன் கடையின் முன்னே நான்கு முறை சுற்றி வருகிறான். முழங்கை சற்று மடங்கியிருக்கிறது. பிரேக்கை இரண்டு விரல்கள் முழுதாகப் பற்றுகின்றன. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகும் கழுத்து வலித்தால் வரச் சொல்கிறார் கடைக்காரர். அப்போது அதே தண்டைத் திருப்பிப் போட்டால் போதும். கழற்றிய 120 மில்லிமீட்டர் தண்டை அவர் தாளில் சுற்றி அவனிடமே கொடுக்கிறார். பதினாறு வயதில் வளர்ச்சி முடிந்துவிடுவதில்லை. ஓரிரு ஆண்டுகளில் 110 தேவைப்படலாம். ஒருவேளை அந்த 120கூடப் பொருந்தலாம்.