ஒற்றைவில்லைக் காமிரா

ஜப்பான் நாட்டின் நிக்கான் நிறுவனம் 1917ஆம் ஆண்டில் டோக்கியோவில் தோன்றியது. படச்சுருள் இட்டுப் படம் பிடிக்கும் ஒற்றைவில்லைக் காமிராவை 1959ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்து அந்நிறுவனம் பெரும்புகழ் பெற்றது. படச்சுருளின் இடத்தை மின்னணு உணரி கவர்ந்துகொண்ட பின்னரும் அக்காமிராவின் உள்ளமைப்பு பெரிதும் மாறவில்லை. 2008ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அந்நிறுவனம் அறிவித்த டி90 என்னும் டிஜிட்டல் காமிரா, தொடக்கநிலையினர்க்குரிய டி60க்கும், அதனினும் விலை மிக்க டி300க்கும் இடைப்பட்டது. ஆதலின் இவ்வகைக் காமிராவின் நிறைகுறைகளை அறிவதற்கு அது தக்கதொரு சான்றாகும்.

ஒற்றைவில்லை என்னும் பெயர் எங்ஙனம் வந்தது? பழைய காமிராக்கள் பலவற்றில் கண் காண்பதற்கு ஒரு வழியும், படம் பதிவதற்கு மற்றொரு வழியும் இருந்தன. தொலைவிலுள்ள மலையைப் படம் பிடிக்கையில் இதனால் தீங்கில்லை. அருகிலுள்ள மலரைப் படம் பிடிக்கையிலோ, நடுவில் அமைய வேண்டிய மலர் ஓரத்திற்குச் சென்றுவிடும். இக்குறையை நீக்கவே கண்ணுக்கும் படத்திற்கும் ஒரே வில்லையை வைத்தனர்.

வில்லையின் பின்னே ஆடி ஒன்று 45 பாகைச் சாய்வில் நிற்கிறது. உட்புகும் ஒளி அதன்மேற் பட்டு மேனோக்கித் திரும்பி, மங்கற் கண்ணாடித் திரையொன்றில் உருவாய் விழுகிறது. இடவலம் மாறிய அவ்வுருவை ஐங்கோணப் பட்டகம் செம்மைப்படுத்திக் கண்ணிடம் சேர்க்கிறது. பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலெழுகிறது; பின்னுள்ள மறைப்பு திறந்து மூடுகிறது; அவ்விடைவெளியில் ஒளி உணரியைச் சேர்கிறது; ஆடி மீண்டும் தன்னிடம் வந்து அமர்கிறது. டி90இல் ஒரு வினாடிக்கு 4.5 படங்கள் வரை இச்செயல் நிகழ வல்லது.

இதில் வியப்பொன்று உண்டு. ஆடி எழுந்திருக்கும் சிறுபொழுதில் காண்குழி இருண்டுவிடுகிறது. எக்கணம் படமாகப் பதிகின்றதோ, அக்கணத்தைப் படம் பிடிப்பவர் காண்பதே இல்லை! ஆகவே இக்கலையில் தேர்ந்தவர் நிகழ்ச்சியைக் கண்ட பின் பொத்தானை அழுத்துவதில்லை. நிகழப்போவதை முன்னுணர்ந்து அழுத்துவர். மேலும், டி90இன் காண்குழி படத்தின் நீள அகலங்களில் ஏறத்தாழ 96 விழுக்காட்டையே காட்டுகிறது. காணும்போது இல்லாத ஒரு கை, படத்தின் ஓரத்தில் வந்து நிற்பது இதனாலேயே.

உணரியின் அளவு 23.6 மில்லிமீட்டர் நீளமும் 15.8 மில்லிமீட்டர் அகலமும் ஆகும். அதில் 1 கோடியே 23 இலட்சம் ஒளிப்புள்ளிகள் உள்ளன. புள்ளிகளின் தொகையைக் கொண்டே காமிராவை மதிப்போர் பலர். அம்மதிப்பு முற்றிலும் பொருந்தாது. அத்துணைப் புள்ளிகளைச் சட்டைப்பைக் காமிராவின் சிறு உணரியிலும் நெருக்கி வைக்கலாம். ஆயின் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி மிகக் குறைந்துபோம். அந்தியிலும் விளக்கொளியிலும் இவ்வேறுபாடு வெளிப்படும்.

படத்தின் ஒளியளவை மூன்று ஆள்கின்றன: மறைப்பு திறந்திருக்கும் நேரம், வில்லைத் துளையின் அகலம், உணரியின் கூர்மை. டி90இல் அந்நேரத்தை 30 வினாடி முதல் ஒரு வினாடியின் 4000இல் ஒரு பங்கு வரை அமைக்கலாம். மாலைப்பொழுதில் கால்பந்தாட்டம் நடைபெறுகிறது எனக் கொள்வோம். 125இல் ஒரு பங்கு நேரத்தில் பந்து கலங்கித் தெரிகிறது. 500இல் ஒரு பங்காகக் குறைத்தால் பந்து நின்றதுபோல் பதியும். ஆனால் ஒளி நான்கில் ஒன்றாகிவிடுமே! அதனை ஈடுசெய்யத் துளையை எண் 8இலிருந்து எண் 4க்கு விரிக்கலாம். அப்பொழுது ஆட்டக்காரர் தெளிவாய் நிற்க, அவர் பின்னுள்ளவை மங்கும். அல்லது கூர்மையை 200இலிருந்து 800ஆக உயர்த்தலாம். அவ்வாறு உயர்த்துந்தோறும் படத்தில் மணல் தூவினாற்போன்ற பொரிவு மிகும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழத்தல் வேண்டும். எதனை இழப்பது என்பதைப் படம் பிடிப்பவரே முடிவு செய்கிறார். தானியங்கு முறையில் காமிராவே முடிவு செய்யுமெனினும், வெள்ளாடையை வெள்ளாடை என்று அஃது அறியாது. வெண்மை நிறைந்த காட்சியைச் சிலபோது சாம்பல் நிறமாக்கிவிடும்.

டி90க்கு வரலாற்றில் இடம் தந்தது வேறொரு சிறப்பு. அசையும் படத்தைப் பதிவு செய்த முதல் டிஜிட்டல் ஒற்றைவில்லைக் காமிரா அதுவே. ஆடியை உயர்த்தி நிறுத்தி, வினாடிக்கு 24 சட்டங்கள் வீதம் பதியச் செய்தனர். முதல் முயற்சிக்குரிய குறைகளும் உடனிருந்தன. உயர்தரப் பதிவு ஒரு முறைக்கு 5 நிமிடத்திற்கு மேல் ஓடாது. பதிவின்போது குவியத்தைக் கையாலேயே திருத்த வேண்டும். உணரி காட்சியை வரிவரியாகப் படித்தமையால், காமிராவை விரைந்து திருப்பினால் நேர்நின்ற தூண் நாணல்போல் சாய்ந்து தோன்றும். அடுத்த மாதமே கேனன் நிறுவனம் இதனினும் மேம்பட்ட பதிவுடைய காமிராவை அறிவித்தது. 2010ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘ஹவுஸ்’ என்பதன் ஒரு பகுதி அக்காமிராவைக் கொண்டே எடுக்கப்பெற்றது. பெரும்பொருள் செலவிட்டு வாங்கிய சினிமாக் காமிராக்களுக்கு உரிய வேலையை, ஒரு கையில் அடங்கும் கருவி செய்யத் தொடங்கிற்று.

டி90இன் உடலுக்குள் சிறு மோட்டார் ஒன்று உண்டு. தமக்கென மோட்டார் இல்லாத பழைய தானியங்குக் குவிய வில்லைகளையும் அது திருப்பிக் குவியப்படுத்தும்; விலை குறைந்த டி60க்கு அவ்வாற்றல் இல்லை. பழைய வில்லைகளைப் பேணி வைத்திருந்தோர் சிறிது மிகுபொருள் கொடுத்தும் இடைநிலைக் காமிராவை நாடியதற்கு இதுவும் ஒரு காரணம். 2018ஆம் ஆண்டில் நிக்கான் நிறுவனம் ஆடியே இல்லாத இசட்6, இசட்7 காமிராக்களை வெளியிட்டது. அவற்றில் உணரி காணும் காட்சியையே சிறு மின்திரை கண்ணுக்குக் காட்டுகிறது. பழைய வில்லைகளை அவற்றில் பொருத்துவதற்கென இணைப்பு வளையம் ஒன்றும் உடன்வந்தது. ஆயினும் அவ்வளையத்துள் மோட்டார் இல்லை. டி90 தானே திருப்பிய வில்லைகளை அங்குக் கையாற்றான் திருப்புதல் வேண்டும்.