ஒரு சொல்லுக்காக ஒரு ராத்திரி

ஐ.நா. பருவநிலை மாநாடுகளில் ஒரே ஒரு சொல்லுக்காக விடிய விடிய மல்லுக்கட்டுகிறார்களாமே? பேசாமல் வாக்கெடுப்பு நடத்தி முடித்துவிட்டால் என்ன?

வாக்கெடுப்பா? அதை எப்படி நடத்துவது என்ற விதியே அங்கே இன்னும் ஒப்புக்கொள்ளப்படவில்லை! 1995-இல் பெர்லினில் கூடிய முதல் மாநாட்டிலிருந்தே இழுபறிதான். அதனால் எல்லாம் கருத்தொற்றுமையில் நடக்கிறது. எல்லோரும் மகிழ்ந்து தலையாட்ட வேண்டும் என்றில்லை, யாரும் எழுந்து 'முடியாது' என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

வரைவைப் பார்த்தால் உங்களுக்குத் தலை சுற்றும். ஒரு நாட்டுக்கு ஒவ்வாத சொல்லைச் சுற்றிச் சதுர அடைப்புக்குறி விழும். அந்தக் குறிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவதுதான் பேச்சுவார்த்தை. பெரிய அரங்கில் உரைகள். பேரமெல்லாம் சின்ன அறைகளிலும் நடைபாதையிலும்.

2021, கிளாஸ்கோ. கடைசி நேரத்தில் இந்திய அமைச்சர் பூபேந்தர் யாதவ் ஒரு திருத்தத்தை வாசித்தார்: நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாகக் 'கைவிடுவது' அல்ல, 'குறைப்பது'. சுவிட்சர்லாந்தும் மார்ஷல் தீவுகளும் பொரிந்து தள்ளின, ஆனால் தடுக்கவில்லை. தடுத்தால் மொத்த உடன்பாடும் போய்விடுமே! மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா மன்னிப்புக் கேட்டபோது அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

2015-இல் பாரிஸில் நடந்தது இன்னும் சாமர்த்தியம். வளர்ந்த நாடுகளின் உமிழ்வுக் குறைப்பைச் சட்டக் கட்டாயமாக்கும் ஒரு சொல் இறுதி வரைவில் இருந்தது. அப்படியே விட்டால் அமெரிக்க செனட்டின் ஒப்புதல் தேவைப்படும். அங்கே அது தேறாது. எழுத்துப் பிழைகளைத் திருத்துகிறோம் என்று செயலகம் ஒரு பட்டியலை வாசித்தது. அதற்குள் இதையும் நுழைத்து, கட்டாயத்தைப் பரிந்துரையாக்கிவிட்டார்கள். யாரும் வாய் திறப்பதற்குள் தலைவர் லோரான் ஃபாபியுஸ் சுத்தியலைத் தட்டிவிட்டார்.