சிவகிரிப் பகுதி ஊர்ப்பெயர்களில் ஒலியசை, யாப்பசை, பொருட்கூறு

முன்னுரை

நீண்ட சொல்லை ஒலிப்பு அலகுகளாகவும், யாப்பிலக்கணம் கூறும் நேர், நிரை அசைகளாகவும், பொருட்கூறுகளாகவும் பிரிக்கலாம். ‘சிலபிள்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் ‘அசை’ என்பதே தமிழில் வழங்குவதால் முதலிரண்டும் மயங்குகின்றன. அம்மயக்கம் ஊர்ப்பெயராய்வில் பிழையான பிரிப்புகளுக்கு இடந்தரும். தென்காசி மாவட்டச் சிவகிரிப் பகுதியின் நான்கு ஊர்ப்பெயர்களைக் கொண்டு இம்மூன்றையும் வேறுபடுத்துவது இக்கட்டுரையின் நோக்கமாகும். சிலபிள் இங்கு ‘ஒலியசை’ எனவும், யாப்பின் அசை ‘யாப்பசை’ எனவும் சுட்டப்பெறுகின்றன.

எல்லை பொருந்தும் பெயர்கள்

‘சிவகிரி’ என்பதில் ஒலியசை 4, யாப்பசை 2 (சிவ/கிரி – கருவிளம்), பொருட்கூறு 2. யாப்பசையின் எல்லையும் பொருட்கூற்றின் எல்லையும் ஒன்றாகின்றன. ‘புளியங்குடி’யில் ஒலியசை 5, யாப்பசை 3 (புளி/யங்/குடி – புளிமாங்கனி). புளி, அம் சாரியை, குடி எனப் பொருட்கூறும் 3. யகர உடம்படுமெய் தோன்றி, மகரம் ஙகரமாகத் திரிந்தபோதும் எல்லை மாறவில்லை.

எல்லை பொருந்தாப் பெயர்கள்

‘இராயகிரி’யும் ‘கிரி’ என்றே முடிகிறது. ஆயினும் அது இரா/யகி/ரி எனக் கருவிளங்காயாக அலகு பெறுவதால் ‘கிரி’ இரண்டாக உடைகிறது. ‘வாசுதேவநல்லூர்’ வா/சுதே/வநல்/லூர் எனக் கூவிளநறும்பூவாகிறது. ‘வநல்’ என்னும் நிரையசை வாசுதேவ, நல் என்னும் இரு கூறுகளிலும் படிகிறது. முதற்கூற்றின் இறுதியில் ஒற்றடுக்காத தனிக்குறில் எஞ்சுமாயின், அது வருமொழியின் முதலெழுத்தைத் தன்னுடன் இணைத்து நிரையாகிறது என்பது இவ்விரு பெயர்களாலும் புலனாகிறது.

ஆங்கிலத்தோடு ஒப்பீடு

‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதன்மை அழுத்தம் முதல் ஒலியசையில் விழும். ‘ஃபோட்டோகிராஃபர்’ என்றாகும்போது அது இரண்டாம் ஒலியசைக்கு நகர, ‘கிராஃப்’ என்னும் பொருட்கூற்றின் உயிர் வலிகுன்றி ஒலிக்கும். ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்பதில் மூன்றாம் ஒலியசை அழுத்தம் பெறும். ஆங்கிலத்தில் ஒரே பொருட்கூற்றின் ஒலிவடிவை மாற்றுவது அழுத்தம். தமிழ் யாப்பில் அதன் அலகீட்டை மாற்றுவது குறில், நெடில், ஒற்று ஆகியவற்றின் அடைவு. சொற்பொருளை வேறுபடுத்தும் அழுத்தம் தமிழில் இல்லை.

முடிவுரை

ஓசை நோக்கிய பிரிப்பும் பொருள் நோக்கிய பிரிப்பும் வேறென்பதைத் தமிழ் மரபு அறிந்திருந்தது; பொருள் நோக்காது ஓசை நோக்கிச் சொல்லைப் பிரிப்பதற்கு ‘வகையுளி’ என்று பெயரும் இட்டது. எனவே ஊர்ப்பெயரின் பொருள் காண்போர் அலகிட்டுப் பெற்ற துண்டுகளைப் பொருட்கூறுகளாகக் கொள்ளாது, புணர்ச்சி விதிகளால் கூறுகளைத் தெளிந்த பின்னரே பொருளுரைத்தல் வேண்டும்.