கண்டுபிடித்தால் மட்டும் போதுமா?

உங்க செல்போனில் ஒரு படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகுது? கண் இமைக்கும் நேரம்தான், இல்லையா? 1975-ல் உருவான முதல் டிஜிட்டல் கேமரா, ஒரு கருப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் டேப்பில் பதிவு செய்ய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. அதன் எடை சுமார் 3.6 கிலோ!

அதை உருவாக்கியவர் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர். அவர் வேலை பார்த்த இடம், ஃபிலிம் விற்பனையில் கொடிகட்டிப் பறந்த அமெரிக்காவின் கோடாக் நிறுவனம். அதே கோடாக், 2012 ஜனவரியில் திவால் மனுவோடு நீதிமன்றப் படியேறியது. ஏன் இப்படி ஆச்சு?

தெரிந்தும் மாறவில்லை

1981-லேயே கோடாக் ஓர் ஆய்வு நடத்தியது. ஃபிலிமின் இடத்தை டிஜிட்டல் பிடிக்கும், தயாராக சுமார் 10 ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது என்று அந்த ஆய்வு சொன்னது. கோடாக் சும்மா இருந்துவிடவில்லை. டிஜிட்டலில் பணம் போட்டது, கேமராக்களும் விற்றது. ஆனால் லாபத்துக்கு ஃபிலிமையே நம்பியிருந்தது.

இழப்பு முதலாளிகளுக்கு மட்டுமல்ல. 1980-களின் தொடக்கத்தில் ராச்செஸ்டர் நகரில் மட்டும் 60 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கோடாக்கில் வேலை பார்த்தார்கள். 2012-ல் அது சில ஆயிரமாகச் சுருங்கிவிட்டது.

ஃபுஜிஃபிலிம் என்ன செய்தது?

ஜப்பானின் ஃபுஜிஃபிலிமுக்கும் இதே நெருக்கடிதான். அதன் தலைவர் ஷிகெடாகா கொமோரி, நிறுவனத்திடம் உள்ள தொழில்நுட்பங்களை எல்லாம் முதலில் கணக்கெடுக்கச் சொன்னார். எது எந்தச் சந்தைக்குப் பொருந்தும் என்று தேடினார்கள்.

• ஃபிலிம் தயாரிப்பில் கொலாஜன் பற்றியும், படம் மங்காமல் காப்பது பற்றியும் கற்றது, சருமப் பராமரிப்புப் பொருள்களுக்குக் கைகொடுத்தது. 2007-ல் 'அஸ்டாலிஃப்ட்' விற்பனைக்கு வந்தது.

• ஃபிலிமுக்கு அடித்தளமாக இருந்த மெல்லிய படலம், எல்.சி.டி. திரைகளுக்குள் பயன்படும் பாதுகாப்புப் படலமாக விற்பனையானது.

• 2006-ல் புதிய ஆய்வகம் திறந்து, வெவ்வேறு துறை ஆய்வாளர்களை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தார்கள்.

இந்த மாற்றம் வலியில்லாமல் நடக்கவில்லை. ஃபிலிம் பிரிவில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஆனாலும் நிறுவனம் நிலைத்தது.

நமக்கு என்ன பாடம்?

ஆராய்ச்சி புதிய அறிவைத் தரும். அந்த அறிவு ஆய்வகத்தைத் தாண்டி, முடிவெடுப்பவர்களின் மேசைக்குப் போய், வேலை செய்யும் முறையையே மாற்றினால்தான் அது புதுமையாகும். இதைத்தான் 'நிறுவனக் கற்றல்' என்கிறார்கள்.

நீங்க பெரிய கம்பெனியில் இருந்தாலும் சரி, சின்னதாகக் கடை நடத்தினாலும் சரி, இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்க:

1. நமக்கு நன்றாகத் தெரிந்த வேலை எது?
2. அது வேறு யாருக்குப் பயன்படும்?
3. போன வருஷம் கற்றுக்கொண்ட எதையாவது இந்த வருஷம் நடைமுறைக்குக் கொண்டுவந்தோமா?

மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்பது பதிலானால், தொடங்க வேண்டிய இடம் அதுதான்.